கொறங்காட்டுக்கு வேலி வேண்டும்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் நிலம் பார்க்க வருகிற புரோக்கர்கள் கொறங்காடு என்கிற எங்கள் மேய்ச்சல் காட்டைக் கண்டதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சும்மா கிடக்கிற பூமிதானுங்களே?" பட்டா நிலத்தில் நெல்லும் இல்லை, தென்னையும் இல்லை என்றால் அது தரிசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆண்டுக்குச் சராசரியாக 600 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்கிற வட்டாரம் இது. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்கால் எட்டாத மேட்டில், கிணறும் கைவிட்ட இடத்தில், எங்கள் பெரியவர்கள் மாட்டை நம்பினார்கள். அந்த மாட்டுக்காகக் கொறங்காட்டை உண்டாக்கினார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. வெள்வேலத்தின் நிழல் மெல்லியது. அதனால் மரத்தடியிலும் புல் வரும். கோடையில் புல் காய்ந்து போனபின் வெள்வேலங்காய்தான் ஆடுகளுக்குத் தீனி. காங்கேயம் மாடு இந்தக் காட்டில் மேய்ந்தே வளர்ந்த இனம்.

காட்டின் உயிர் வேலியில் இருக்கிறது. கட்டைவிரல் பருமனுள்ள கிளுவைக் குச்சியை வெட்டி, நெருக்கமாக ஊன்றினால் மழைக்குத் துளிர்த்துவிடும். சில வருடத்தில் ஆட்டுக்குட்டி நுழையாத அளவுக்குப் பின்னிக்கொள்ளும். இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே ஓடுகிற இட்டேரியில் இன்றைக்கும் காலையில் நடந்தால் கௌதாரி குறுக்கே ஓடும், கீரி எட்டிப் பார்க்கும். வேலி இருந்தால்தான் காட்டைப் பாகம் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போட முடியும். ஐப்பசி மழைக்குத் தழைக்கிற புல் கதிர் வாங்கி விதை உதிர்க்கும்வரை மாட்டை உள்ளே விடக்கூடாது. அடுத்த வருடத்துப் புல் அந்த விதையில் இருக்கிறது. கெட்டுப்போன கொறங்காட்டை மீட்கவும் இதைத் தாண்டிப் பெரிய வித்தை எதுவும் கிடையாது: வேலியை அடை, சீமைக் கருவேலத்தை வேரோடு எடு, காட்டை ஆறப்போடு.

வேலி போனால் எல்லாம் போய்விடுகிறது. பொக்லைன் வந்தால் முதல் நாளே கிளுவையைத்தான் வழிக்கிறார்கள். பிறகு மனைக்கல், இல்லாவிட்டால் சோலார் தகடு. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பேணிய புல் காட்டின் மேல்தான் அதை நிறுத்த வேண்டுமா என்று கேட்கிறேன். நல்லெண்ணத்தில் செய்கிற கேடும் உண்டு. பசுமையாக்குகிறோம் என்று வந்து, புல்வெளியில் நெருக்கமாக மரக்கன்று நடுகிறார்கள். நிழல் அடர்ந்தால் கொழுக்கட்டைப் புல் செத்துப்போகும். புல்வெளியைப் புல்வெளியாக விடுவதும் இயற்கையைக் காப்பதுதான்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகவும் நாட்டுமாட்டுக்காகவும் மெரினாவில் லட்சக்கணக்கில் கூடினோம். சட்டமே திருத்தப்பட்டது. எனக்கு அது பெருமைதான். ஆனால் காளையைக் காப்பாற்றிவிட்டு அது மேய்கிற காட்டை விற்றால், நாளைக்கு அந்தக் காளை கொட்டகையில் கட்டிப்போட்டுத் தவிடு தின்னும் காட்சிப்பொருளாகத்தான் மிஞ்சும்.

மேய்ச்சல் புறம்போக்குக்கு வருவாய்க் கணக்கில் ஒரு பெயர் இருக்கிறது. கொறங்காடு பெரும்பாலும் வெறும் புன்செய் பட்டாவாகவே பதிவில் கிடக்கிறது. முதலில் அதை மேய்ச்சல் நிலம் என்று அரசு தனியாகக் கணக்கெடுக்கட்டும். சிறு, குறு விவசாயியின் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் கொடுக்கிற அரசு, கிளுவை வேலி அடைக்கும் கூலிக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம்.

திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் அப்பன், பாட்டன் காட்டை வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களால் மாடு வைக்க முடியாவிட்டால் பரவாயில்லை. ஆடு மேய்க்கிற ஒரு குடும்பத்துக்குக் குத்தகைக்கு விடுங்கள். வேலியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.