பெயரேட்டுக்கு ஏற்ற பேழை

கணிப்பொறித் துறையிற் பணிபுரியும் மக்களும் மருமக்களும் நம் சங்கத்து இல்லங்களிற் பலர். அவருள் சிலருக்கேனும் அலுவலக டைரக்டரி சர்வரைப் பேணும் பொறுப்பு வாய்த்திருக்கும். ஊழியர் பெயரையும் கடவுச்சொல்லையும் உரிமைகளையும் தாங்கிய பெயரேடு அது. அஃது ஒரு காலைப்பொழுது செயலற்றால், அலுவலகம் முழுவதும் கைகட்டி நிற்க நேரும். ஆகவே, அவ்வேட்டை எத்தகைய தரவுத்தளத்தில் வைப்பது என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

பெயரேட்டில் எழுதுவது சிறிது, படிப்பது பெரிது. அதற்கு வேண்டுவன இரண்டு: விரைந்து படிக்க இயலுதல், மின்சாரம் திடீரென நின்றாலும் சிதையாதிருத்தல். அட்டவணை வடிவான எஸ்க்யூஎல் தரவுத்தளங்கள் பிற பணிகளுக்குச் சிறந்தவையே. எனினும் கிளைவிட்ட மரம்போன்ற பெயரேட்டுக்கு அவை இயல்பாகப் பொருந்துவதில்லை.

1998-இல் தொடங்கிய ஓப்பன்எல்டாப் திட்டத்தைச் சான்றாகக் கொள்வோம். அது நெடுங்காலம் பெர்க்லி டிபியை நம்பியிருந்தது. ஆற்றல் மிக்கதாயினும், நினைவக அளவு, பூட்டுகளின் எண்ணிக்கை, பதிவுக் கோப்புகள் என யாவற்றையும் பேணுவோரே கவனித்தல் வேண்டும். இத்தொல்லையை நீக்கவே, 2011-இல் ஹோவர்ட் சூ என்பார் எல்எம்டிபியை உருவாக்கினார். அது பழைய பக்கத்தின்மேல் எழுதுவதில்லை. மாற்றத்தைப் புதிய இடத்தில் எழுதி முடித்த பின்னரே, ‘இதுவே இனிச் செல்லும்’ எனக் குறிக்கிறது. இடையில் மின்சாரம் நின்றாலும் முந்தைய நிலை பழுதின்றி இருக்கும். எழுதுவோர்க்காகப் படிப்போர் காத்திருப்பதும் இல்லை.

ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, ஓப்பன்எல்டாப்பில் இதன் உச்ச அளவு, நாம் குறிப்பிடாவிடின், 10 மெகாபைட்டு மட்டுமே. நிறைந்தபின் புதிய பதிவை ஏற்காது. தொடக்கத்திலேயே தாராளமாக வகுத்தல் நலம். இரண்டாவது, இக்கோப்பை வலையமைப்பு வழியே எட்டும் வட்டில் வைத்தலாகாது. மூன்றாவதே தலையாயது: 2021-இல் வெளிவந்த 2.5 பதிப்பில் பெர்க்லி டிபிக்கான பகுதிகள் நீக்கப்பட்டன. பழைய ஏட்டை வைத்திருப்போர், மேம்படுத்துவதற்கு முன்னரே, ‘ஸ்லாப்கேட்’ கட்டளையால் முழுவதையும் எழுத்துக் கோப்பாக எடுத்து, ‘ஸ்லாப்ஆட்’ கட்டளையால் வேறோர் இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தல் வேண்டும்.

பேழை எத்துணை உறுதியாயினும், மீட்டுப் பார்க்காத படி காப்பாகாது. இளைஞர் இதனை மறவாதிருப்பாராக.