சறுக்கியவர் எழுந்துவிட்டாரா?

 

2018 ஏப்ரல் 27 அன்று ஜித்தா நகரின் மன்னர் அப்துல்லாஹ் விளையாட்டு நகரத்தில் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் மாபெரும் மல்யுத்த நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. 50 மல்லர்கள் ஒருவர்பின் ஒருவராக மேடையேறும் போட்டி அதில் இடம்பெற்றது. அவர்களுள் ஒருவரான டைட்டஸ் ஓநீல் நுழைவாயிலிலிருந்து வேகமாக ஓடிவந்தார். மேடையை நெருங்கிய வேளையில் கால் இடறியது. முகங்குப்புற விழுந்தவர், விழுந்த வேகத்திலேயே வழுக்கிச் சென்று மேடையின் கீழே தொங்கிய திரைக்குள் புகுந்துவிட்டார். வர்ணனையாளர்களால் சிரிப்பை அடக்க இயலவில்லை. அக்காட்சி மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. அன்று வென்றவர் யார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். சறுக்கியவர் யார் என்பதை எவரும் மறக்கவில்லை.

அக்காட்சி இன்றளவும் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மல்யுத்தப் போட்டியை முழுமையாகப் பார்க்கும் பொறுமை இல்லாத பிள்ளைகூட, மல்லர்களின் சறுக்கல்களைத் தொகுத்து வெளியிடும் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறது. "ஹஜ்ரத், இதைப் பார்க்க விடலாமா, கூடாதா?" என்று பெற்றோர் வினவுகின்றனர். ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால், பிள்ளை எதைக் கண்டு சிரிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் கூறப்படும் விடை அதன் செவியோடு நின்றுவிடும், உள்ளத்தைச் சென்றடையாது.

முதலில் இந்த மல்யுத்தம் எத்தகையது என்பதை அறிவோம். இதில் வெற்றியும் தோல்வியும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை. நெடுங்காலம் இவ்வுண்மை தொழில் இரகசியமாகக் காக்கப்பட்டது. மேடையில் பகைவர்களாகத் தோன்றுவோர் வெளியிலும் பகைவர்களாகவே நடந்துகொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. 1989-இல் அந்நிறுவனமே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டின் முன், தாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு நிகழ்ச்சியே என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து விடுபடுவதே அதன் நோக்கம். எனினும், அச்செய்தி நம் ஊர்த் தெருக்களை வந்தடையவில்லை. தொண்ணூறுகளில் மல்லர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டுகளைக் கையில் வைத்து விளையாடிய சிறுவர்கள், அண்டர்டேக்கர் இறந்து மீண்டு வருபவர் என்றே நம்பினர். இன்று அவர்களே தந்தையராக இருக்கின்றனர்.

அந்த மாயையை உடைத்தவற்றுள் சறுக்கல் காணொளிகளுக்கும் பங்கு உண்டு. ரசிகர்கள் இத்தகைய தவறுகளை 'பாட்ச்' என்று அழைக்கின்றனர். 2007-இல் பிரிட்டனிலிருந்து தொடங்கிய 'பாட்ச்சமேனியா' என்னும் தொகுப்பு வரிசை இவ்வகைக் காணொளிகளுக்கு உலகெங்கும் ரசிகர்களைத் தேடித் தந்தது. உதை படாமலேயே ஒருவர் சுருண்டு விழுவதையும், எதிரியின் காதில் அடுத்த அசைவைச் சொல்லும் குரல் ஒலிவாங்கியில் கேட்டுவிடுவதையும், வீரவசனம் பேச வந்தவர் வசனத்தை மறந்து விழிப்பதையும் காணும் பிள்ளை, திரையில் தெரிவதெல்லாம் உண்மையன்று என்பதைத் தானே கண்டறிகிறது. நூறு அறிவுரைகள் தராத தெளிவை ஒரு சறுக்கல் தந்துவிடுகிறது. இதை நான் தீமை என்று கூறமாட்டேன்.

இரண்டாவது கவர்ச்சி, பெருமிதம் சரிவதைக் காண்பதில் உள்ளது. 1993 ஆகஸ்ட் 18 அன்று டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற நிறுவனம் 'ஷாக்மாஸ்டர்' என்னும் புதிய மல்லரை அறிமுகப்படுத்தியது. அச்சமூட்டும் உருவமாக அவர் சுவரை உடைத்துக்கொண்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. சுவர் உடைந்தது, ஆனால் அவர் தடுக்கி விழுந்தார். தலையிலிருந்த கவசம் கழன்று உருண்டது. அவர் அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ள, அவருக்காகப் பின்னாலிருந்து வேறொருவர் பேசிய மிரட்டல் வசனம் மட்டும் தடையின்றி ஒலித்துக்கொண்டிருந்தது. நேரலையில் மறைக்க வழியேயில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் முன்னோர் கூறியதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமா? அவர் காயமின்றி எழுந்தார். அங்கே விழுந்தது புனையப்பட்ட மிடுக்கு மட்டுமே.

மூன்றாவது கவர்ச்சி, விழுந்தவர் எழும் விதம். டைட்டஸ் ஓநீல் எழுந்து மேடையேறிப் போட்டியில் பங்கேற்றார். பிறகு தம் சறுக்கலைத் தாமே நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். சமூகப் பணிகளுக்காக 2020-ஆம் ஆண்டின் 'வாரியர் விருது' அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு நொடிச் சறுக்கல் மனிதனின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அவர் சான்று. தேர்வில் தவறிய பிள்ளைக்கும், கிராஅத் ஓதும்போது தடுமாறிக் கூனிக் குறுகும் பிள்ளைக்கும் இது பயனுள்ள பாடமே.

இதுவரை குறைகூற ஏதுமில்லை. சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது.

இத்தொகுப்புகளில் ஷாக்மாஸ்டரின் தடுமாற்றத்தை அடுத்து வருவது வேறொருவரின் உடல் சிதைவாக இருக்கலாம். இரண்டுக்கும் பின்னணியில் ஒலிப்பது ஒரே வேடிக்கை இசை. இரண்டுக்கும் ஒதுக்கப்படுவது அதே சில விநாடிகள். 2005 ஜனவரியில் நடைபெற்ற 'ராயல் ரம்பிள்' போட்டியின் இறுதியில் இரு மல்லர்கள் ஒரே நேரத்தில் கீழே விழ, அந்நிறுவனத்தின் தலைவர் வின்ஸ் மெக்மேன் சினத்துடன் மேடைக்குள் பாய்ந்தார். அடுத்த கணம் எழ முடியாமல் தரையில் அமர்ந்துவிட்டார். அமர்ந்தபடியே அவர் சீறுவதைக் கண்டு உலகம் சிரித்தது. உண்மையில் அவருடைய இரு தொடைகளின் தசைநார்களும் கிழிந்திருந்தன. 2003-இல் சியாட்டிலில் பிராக் லெஸ்னர் கயிற்றின் உச்சியிலிருந்து குட்டிக்கரணமிட்டுத் தாவி, தலையும் கழுத்தும் தரையில் மோத விழுந்தார், மூளையதிர்ச்சிக்கு உள்ளானார். அதுவும் 'சிறந்த சறுக்கல்கள்' பட்டியல்களில் இடம்பெறும் காட்சியே.

இவை அனைத்தையும் விடத் துயரமானது ஓவன் ஹார்ட்டின் முடிவு. 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியின் கெம்பர் அரங்கில், ஒரு கோமாளி மாவீரன் வேடத்தில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருவதாக அவருக்குக் காட்சி அமைக்கப்பட்டிருந்தது. தரைக்குச் சற்று மேலே வந்ததும் கொக்கி விடுபட்டு அவர் குப்புற விழ வேண்டும். மக்கள் சிரிக்க வேண்டும். அதாவது, ஒரு செயற்கைச் சறுக்கலுக்காகவே உடனடியாக விடுபடும் கொக்கி பொருத்தப்பட்டது. அக்கொக்கி உயரத்திலேயே விடுபட்டுவிட்டது. ஏறத்தாழ 78 அடி உயரத்திலிருந்து விழுந்து அவர் உயிரிழந்தார். அவருக்கு வயது 34. மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர். அரங்கிலிருந்த பலர் அதனையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே முதலில் எண்ணினர். தொலைக்காட்சி வர்ணனையாளர் இது நாடகமன்று என்று வலியுறுத்திக் கூற வேண்டியிருந்தது. அன்றைய நிகழ்ச்சி நிறுத்தப்படாமல் தொடர்ந்தது என்பது அதனினும் கசப்பான உண்மை.

"எல்லாம் பொய்ச் சண்டைதானே, சிரித்தால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. முடிவுதான் முன்கூட்டியே எழுதப்பட்டது, விழுதல் எழுதப்பட்டதன்று. அம்மேடை எஃகுச் சட்டங்களின்மேல் பலகைகளைப் பரப்பி, மெல்லிய பஞ்சு விரிப்பும் துணியும் போர்த்தி அமைக்கப்படுவது. தன்னைத் தூக்குபவரிடம் தன் கழுத்தையும் முதுகெலும்பையும் ஒருவர் ஒப்படைக்கிறார். நம் மொழியில் கூறினால், அது ஓர் அமானிதம். அடிப்பவராகத் தோன்றுபவர்தாம் உண்மையில் காப்பவர். அந்தப் பிடி சற்றே நழுவியதால், 1999 அக்டோபரில் டேரன் டிராஸ்டோவ் என்னும் மல்லர் கழுத்து முறிந்து உடல் செயலிழந்தார். 2023-இல் இறக்கும்வரை அந்நிலை மாறவில்லை. தம்மைத் தூக்கிய சக மல்லரை அவர் குற்றம் சாட்டவுமில்லை. அந்நிகழ்வின் காட்சி ஒருபோதும் ஒளிபரப்பப்படவில்லை. அது வெளிவந்திருந்தால், அதையும் எவரேனும் வேடிக்கை இசையோடு இணைத்திருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது நெஞ்சம் பதறுகிறது.

இவ்விடத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு செய்தியை நினைவுகூர்வது பொருத்தம். மினாவில் தங்கியிருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் குறைஷி இளைஞர்கள் சிலர் சிரித்தவாறே வந்தனர். காரணம் கேட்டபோது, ஒருவர் கூடாரக் கயிற்றில் இடறி விழுந்தார் என்றும், அவருடைய கழுத்தோ கண்ணோ போயிருக்கும் என்றும் கூறினர். அன்னையவர்கள் சிரிக்க வேண்டாமென்று தடுத்தார்கள். ஒரு முஸ்லிமுக்கு முள் தைத்தாலும், அதனினும் பெரிய துன்பம் நேர்ந்தாலும், அதன்மூலம் அவருடைய தகுதி உயர்த்தப்பட்டு, பாவம் அழிக்கப்படுகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். கவனியுங்கள்! அவர்கள் அந்த இளைஞர்களைச் சபிக்கவில்லை, விரட்டவுமில்லை. ஏன் சிரிக்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்கள். பிறகு, விழுந்தவரின் பக்கம் அவர்களுடைய பார்வையைத் திருப்பினார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய கூடாரக் கயிற்றுக்கும் இன்றைய மேடைக் கயிற்றுக்கும் இடையே அதிக வேறுபாடு இல்லை.

இக்காணொளிகளின் பாதிப்பு திரையோடு முடிவதில்லை. ஒரே ஒரு தவறு செய்த மல்லருக்குத் 'தவறுபவர்' என்ற முத்திரை பல்லாண்டுகள் ஒட்டிக்கொள்கிறது. சில அரங்குகளில், மல்லர் தடுமாறியவுடன் அதைச் சுட்டிக்காட்டி ரசிகர்கள் ஒரே குரலில் முழக்கமிடுகின்றனர். அவருக்கு அடிபட்டதா என்று பார்க்கும் முன்னரே அம்முழக்கம் எழுகிறது. இவ்வழக்கம் நம் தெருவுக்கு வரும்போது வேறு உருவம் கொள்கிறது. மழைநாளில் ஒருவன் மிதிவண்டியோடு விழுந்தால், அவனைத் தூக்க நீளும் கைகளைவிடப் படம்பிடிக்க உயரும் கைகள் மிகுந்துவிட்டன. அப்படம் மாலைக்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடுகிறது. மல்லருக்குத் தம் வீழ்ச்சியைப் பார்ப்பவர்கள் உண்டு என்பது தெரியும். அது அவருடைய தொழில். நம் தெருச் சிறுவன் அதற்கு இசைவு தந்தவன் அல்லன். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கக் கூடாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் விதிப்பதை நாம் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். அது கைப்பேசிக்கும் பொருந்தும் என்பதை அவர்களுக்கு விளக்கினோமா?

அனைத்தையும் அடியோடு தடுத்துவிடலாம் என்போர் உளர். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். முகத்தில் அடித்தல், வசைமொழி, ஆடைக்குறைவு ஆகியவை அந்நிகழ்ச்சிகளில் மலிந்துள்ளன என்பதில் ஐயமில்லை; அவை பிள்ளைகளுக்கு உகந்தவையல்ல. ஆயினும், மற்போரும் சிரிப்பும் தம்மளவில் மார்க்கத்துக்கு அந்நியமானவையல்ல. ருகானா என்ற மல்லருடன் நபிகளார் (ஸல்) மற்போர் செய்ததாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவானதன்று என்பதை இமாம் திர்மிதி அவர்களே குறித்துள்ளார்கள். பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்னும் கருத்துடைய ஹதீஸோ புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கோபத்தை அடக்குவது வீரமெனில், தகாத இடத்தில் எழும் சிரிப்பை அடக்குவதும் அதன் ஒரு கிளையே என்பது என் கருத்து. தடை போட்டால் பிள்ளை மறைவில் பார்க்கும். அடக்கத்தைக் கற்றால் மறைவிலும் தன்னைக் காக்கும்.

ஆகவே பெற்றோருக்கு என் பரிந்துரை இதுதான். ஒரு மாலைப்பொழுது பிள்ளையின் அருகில் அமருங்கள். அது பார்க்கும் தொகுப்பைச் சேர்ந்து பாருங்கள். ஒவ்வொரு சறுக்கலின்போதும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். விழுந்தவர் எழுந்துவிட்டாரா? அவரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பாரா? அந்த இடத்தில் உன் வாப்பா விழுந்திருந்தால் இந்த இசை உனக்கு இனிக்குமா? ஷாக்மாஸ்டர் இம்மூன்று வினாக்களையும் கடந்துவிடுவார். நாமும் சேர்ந்து சிரிக்கலாம். லெஸ்னரின் காட்சி முதல் வினாவிலேயே நின்றுவிடும். அப்போது பிள்ளை தானாகவே திரையைத் தள்ளிவிடும். சில நாட்கள் சென்றபின், நாம் அருகில் இல்லாதபோதும் அவ்வினாக்கள் அதன் உள்ளத்தில் எழும்.

சிரிப்பு அல்லாஹ் நமக்கு வழங்கிய அருள். அதைப் பிறருடைய வலியின்மீது செலவிடுவது அவ்வருளை வீணாக்குவதாகும். விழுந்தவரைக் கண்டதும் முதலில் கை நீட்டி, அவர் எழுந்த பிறகு அவரோடு சேர்ந்து சிரிக்கும் பிள்ளைகளாக நம் பிள்ளைகளை அவன் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.