வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெளியூர் சாவி!

செங்கோட்டையில் ஏற்றிய சரக்கு லாரி புளியரை தாண்டிப் போய்விட்டது. வியாபாரி கொல்லத்தில் நிற்கிறார். பழைய பில் ஒன்று உடனே வேண்டும். அது வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது.

முன்பென்றால் வீட்டுக்குப் போன் போட்டு, "அந்தப் பொட்டியைத் தொறந்து பாரு" என்று கத்துவார். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை, கையில் உள்ள செல்போனிலேயே அப்படியே தெரியும். கொல்லத்தில் தொட்டால் செங்கோட்டையில் பைல் திறக்கும்!

எப்படி நடக்கிறது?

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. அந்தக் காலத்து டிரங்க் கால் மாதிரிதான்.

வீட்டுக் கம்ப்யூட்டர், கம்பெனியின் சர்வரை இன்டர்நெட்டில் அழைத்து, "நான் தயார்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். வெளியூர் செல்போனும் அதே சர்வரை அழைக்கும். இரண்டும் ஒரே கணக்குதானா என்று பார்த்து, எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் போல சர்வர் இரண்டையும் கோத்துவிடும். அந்தக் கணக்குதான் 'கிளவுட் அக்கவுண்ட்'.

கூகுளின் 'குரோம் ரிமோட் டெஸ்க்டாப்' இலவசம். கூகுள் கணக்கும், குறைந்தது 6 இலக்க ரகசிய எண்ணும் போதும். ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு!

இந்தத் தொழிலில் நம்ம பக்கத்துக்கும் பங்கு உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ கம்பெனி கால் வைத்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் இங்கேயே குடிவந்தார். தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்கும் 'ஜோஹோ அசிஸ்ட்' இந்தக் கம்பெனியின் சரக்குதான்.

சாவி யார் கையில்?

சவுகரியம் சரி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்குப் பூட்டு போட்டு, எதிர்வீட்டுக்காரரைக் காவலுக்கும் வைக்கிறோம். ஆனால் கணக்கின் பாஸ்வேர்டு மட்டும் பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும்! அதே பாஸ்வேர்டுதான் பத்து இடத்துக்கும்!

2016 ஜூனில் என்ன நடந்தது? 'கோ டு மை பிசி' என்ற சேவையில், வேறு இடங்களில் திருடிய பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள் திருடர்கள். கம்பெனி பதறிப்போய், வாடிக்கையாளர் அத்தனை பேரின் பாஸ்வேர்டையும் மாற்றவைத்தது.

நம் நாட்டில் நடப்பது இன்னும் மோசம். இங்கே பூட்டை உடைக்க வேண்டியதே இல்லை. சாவியை நாமே கொடுக்கிறோம்! "பேங்கிலிருந்து பேசுறோம், இந்த ஆப்பைப் போடுங்க, வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்பான் ஒரு ஆசாமி. சொன்னால் திரை அவன் கைக்குப் போய்விடும். 'எனிடெஸ்க்' ஆப்பை வைத்து இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

ஆப் மேல் தப்பில்லை. அரிவாள் தேங்காயும் வெட்டும், கையையும் வெட்டும்.

செய்ய வேண்டியது என்ன?

இந்தக் கணக்குக்குத் தனிப் பாஸ்வேர்டு வையுங்கள். பாஸ்வேர்டு போட்டபிறகு செல்போனிலும் அனுமதி கேட்கும் 'இரட்டைப் பூட்டு' வசதி உண்டு. அதைப் போடாமல் இருக்காதீர்கள். வேலை இல்லாத நாளில் இணைப்பை நிறுத்திவையுங்கள். போனில் யார் கேட்டாலும் நம்பர் சொல்லாதீர்கள். பணம் போனால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ, பணத்தை மடக்க அவ்வளவு வாய்ப்பு.

வாடிக்கையாளர் மேல் மட்டும் பழி போட்டால் போதுமா? கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர், பில் எழுதும்போதே இரட்டைப் பூட்டையும் போட்டுக் கொடுக்கட்டும். பாங்குகள் வாசலிலேயே பெரிய தமிழ் எழுத்தில் எச்சரிக்கை போர்டு வைக்கட்டும். உலகத்துக்கே சாப்ட்வேர் விற்கும் மத்தளம்பாறைக்காரர்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரக் கடைக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தால் என்ன?

மகன் சென்னையில், மகள் துபாயில், கணக்குப் புத்தகம் செங்கோட்டையில் என்று ஆகிவிட்ட காலம் இது. வெளியூர் சாவி வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்தச் சாவி கண்டவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியும். உஷார்!