இரைச்சல் வேகமாகாது

“நைத்திரோ இயந்திரம் அலறாவிட்டால் அது பந்தயமா?” என்று கேட்போர் தொலைக்கட்டுப்பாட்டு விமானப் பந்தயத்தில் இன்றும் உள்ளனர். அவர்கள் போற்றும் சர்வதேச எஃப்3டி பிரிவின் எரிபொருள் 80 வீதம் மெதனோல், 20 வீதம் எண்ணெய். நைத்திரோ துளியும் இல்லை!

எடைக்கு எடை, மின்கலத்தைவிட எரிபொருளிலேயே சக்தி பன்மடங்கு என்பர். மறுக்கவில்லை. ஆயினும் கம்பங்களைச் சுற்றும் 4 கிலோமீற்றரை முன்னணி வீரர்கள் ஒரு நிமிடத்திற்குள் முடிக்கின்றனர். அங்கே வேண்டியது சக்தியின் இருப்பன்று. அதை நொடியிற் கொட்டும் வலு. லித்தியம் பொலிமர் மின்கலம் அதனைத் தருகிறது. ஊசித் திருகைச் சற்றே மிகையாக இறுக்கியதால் நடுவானில் இயந்திரம் அணையும் அவலமும் மின்மோட்டருக்கில்லை.

மின்கலம் தீப்பற்றலாம், மின்னேற்றுகையில் காவலிருக்கத்தான் வேண்டும். மெதனோல் மட்டும் தீர்த்தமா? அது நஞ்சு, பகலில் அதன் சுவாலை கண்ணுக்கே புலப்படாது.

அயலவர் வெறுக்கும் இரைச்சலுக்கு மைதானம் எத்தனை நாள் மிஞ்சும்? புதியவர்கள் மின்மோட்டரையே தெரிவுசெய்யட்டும் என்பேன்.