ஒயர் நடுவே ஓர் அழகு



கட்டிலருகே எரியும் விளக்கிலும், கிறிஸ்து பிறப்புக் குடிலைச் சுற்றிவரும் வண்ண விளக்குச் சரத்திலும், ஒயரின் நடுவே கோக்கப்பட்ட சிறு சுவிட்ச் ஒன்றைக் காண்கிறோம். பேரிக்காய் போன்றும் படகு போன்றும் அது பல உருவங்களில் கடைகளில் கிடைக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் இப்பொருளின் அழகுக்கும் சட்டம் காவல் நிற்கிறது என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம்.

நம் நாட்டில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம், ஒரு பொருளின் உருவமும் அலங்காரமும் கோடுகளும் வண்ணச் சேர்க்கையும் புதியனவாயிருப்பின் அவற்றைப் பதிவு செய்ய இடந்தருகிறது. அப்பதிவு கொல்கத்தா அலுவலகத்தில் நடைபெறுகிறது. பதிவு பெற்றவருக்கு முதலில் 10 ஆண்டுகளும், விரும்பினால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. அமெரிக்காவிலோ இத்தகைய உரிமை 1842 முதலே வழங்கப்பட்டு வருகிறது. பல நாள் சிந்தித்து ஒருவர் உருவாக்கிய வடிவத்தை, மற்றொருவர் அச்சு எடுத்து எளிதில் விற்றுவிடலாகாது என்பதே இதன் நோக்கம். நியாயமான நோக்கந்தான்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டத்தின் முன் கண் ஒன்றே நீதிபதி. வெளித்தோற்றத்தை மட்டுமே அது காண்கிறது. உள்ளேயுள்ள வில், பித்தளைத் தகடு, திருகு ஆகியவை இயங்கும் முறையை அது கருதுவதில்லை. ஆகவே வடிவம் பதிவு பெற்றது என்றால், அது புதிய அழகுடையது என்றுதான் பொருள். ஆபத்தற்றது என்று பொருளன்று.

தேவாரத்துக்கு மேலேயுள்ள மலைத் தோட்டங்களில் உழைப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போடி ஏலத்தில் வியாபாரி ஏலக்காயின் பச்சை நிறத்தைப் பார்க்கிறார், அத்துடன் நிறுத்திவிடுகிறாரா? ஒரு லிட்டர் அளவையில் எத்தனை கிராம் நிற்கிறது என்றும் பார்க்கிறார். நிறம் கண்ணைக் கவரும். உள்ளே விதை நிறைந்துள்ளதா என்பதை எடைதான் சொல்லும். சுவிட்சுக்கும் அவ்வாறே ஓர் எடை உண்டு.

முதலாவது, அதன்மேல் பொறித்துள்ள ஆம்பியர் எண். 2 ஆம்பியர் சுவிட்ச் சிறு விளக்குக்குத் தாராளமாகப் போதும். ஆனால் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். அதன் ஒயரில் இந்தச் சுவிட்சைக் கோத்தால் சூடேறி உருகும், தீயும் பற்றலாம். எண்ணே இல்லாத சுவிட்சை வாங்காமலிருப்பது நன்று.

இரண்டாவது, ஒயரைப் பற்றிக்கொள்ளும் பிடி. பிள்ளைகள் இழுக்கும்போது அந்த இழுப்பைப் பிடி தாங்க வேண்டும். திருகில் மாட்டிய செம்புக் கம்பி தாங்கலாகாது.

மூன்றாவதே மிக முக்கியமானது. இத்தகைய சுவிட்சுகளிற் பல, இரு கம்பிகளில் ஒன்றை மட்டுமே துண்டிக்கின்றன. இரு முனைப் பிளக்கையோ எப்படியும் திருப்பிச் செருகலாம். திருப்பிச் செருகினால் சுவிட்ச் நியூட்ரல் கம்பியைத் துண்டிக்கும், விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டேயிருக்கும். அணைந்துவிட்டதென்று நம்பி, மழை நாளில் ஈரக்கையோடு பல்பைக் கழற்றுபவரின் நிலை என்னவாகும்? எனவே பல்பை மாற்றுமுன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். குடில் விளக்குகளைத் தொடுமுன்னும் அவ்வாறே செய்யுங்கள். சுவிட்ச் விளக்கை அணைக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் ஆபத்து அகலும்.

அழகிய சுவிட்சை வாங்குவதில் குற்றமில்லை. நாள்தோறும் கைபடும் பொருள் கண்ணுக்கு இனிதாயிருத்தல் வீட்டுக்கு அழகே. ஆனால் அடுத்தமுறை கடையில் அதைக் கையிலெடுக்கும்போது, முகப்பைப் பார்த்தபின் ஒருமுறை புரட்டியும் பாருங்கள். கண்ணுக்குரியதைச் சட்டம் காக்கிறது. கைக்குரியதை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும்.