இடுப்பு பெல்ட்டும் கைப்பட்டையும்: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?



எங்கள் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டிப் பக்கம் வந்தால் பார்க்கலாம். மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் மூட்டைக்கு முதுகு கொடுப்பார்கள். பாரத்தை இறக்கினதும் துண்டு தோளுக்கு வந்துவிடும். இப்போது ஜிம்மில் கட்டுகிறார்களே தோல் பெல்ட், அதுவும் இந்தத் துண்டுக்கு உறவுதான். தூக்கும்போது கட்டு, இறக்கினதும் அவிழ். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி சங்கதி முடிந்தது.

இந்தத் தடவை இதை எழுதக் காரணம் எங்கள் தெருவில் உள்ள ஓர் இளம் தாய். இரண்டாவது பிரசவமாகி ஐந்து மாசம். "ஏனுங்க்கா, செல்போன்ல பார்த்து பெல்ட் வாங்கிட்டேன். கட்டிக்கிட்டா முதுகுக்கு ஒண்ணும் ஆகாதாமே? காலையில கட்டினா ராத்திரிதான் அவுக்கறேன்" என்றாள். டம்பெல் பயிற்சி, தண்ணீர்க் குடம், அரிசிச் சிப்பம், எல்லாம் பெல்ட்டோடுதான். பேச்சுவாக்கில், "அடிவயிறு என்னமோ கனமா, கீழே இறங்கறாப்பல இருக்குதுங்க்கா" என்றும் சொன்னாள். எனக்குத் திக்கென்றது. "முதல்ல அதைக் கழட்டு கண்ணு, லேடி டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்" என்று அழைத்துப் போனேன். கர்ப்பப்பை லேசாக இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆரம்ப நிலை என்பதால் பயப்பட வேண்டாம், பயிற்சி செய்தால் போதும், பெல்ட் மட்டும் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். விஷயம் வேறு. பாரத்தைத் தூக்குமுன் வயிறு நிறைய மூச்சை இழுத்து நிறுத்துகிறோம். வயிறு நாலு பக்கமும் விரியும்போது பெல்ட் சுவர் மாதிரி எதிர்த்து நிற்கிறது. உள்ளே அழுத்தம் கூடி, காற்றடித்த டியூப் மாதிரி வயிறு விறைத்து, முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கிறது. வேலை செய்வது நம் வயிற்றுத் தசைதான். பெல்ட் அதற்குத் துணை. ஆனால் அந்த அழுத்தம் கீழ்ப்பக்கமும் போகுமல்லவா? பிரசவத்தில் தளர்ந்த அடித்தசைகள் இன்னும் இறுகாதவர்களுக்கு அது கர்ப்பப்பையைக் கீழே தள்ளக்கூடும்.

ஆகையால் கர்ப்பிணிகள், குழந்தை பெற்றுச் சில மாதமே ஆனவர்கள், சிசேரியன் ஆனவர்கள், குடலிறக்கம் அல்லது கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பெல்ட்டைத் தொட வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் சுற்றுகிற மெல்லிய துணி வேறு, இது வேறு.

சரி, யாருக்குத்தான் பெல்ட்?

1. தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்ட், இந்த மாதிரிப் பெரிய பயிற்சிகளைப் பெல்ட் இல்லாமலே சில மாதம் சரியாகச் செய்து பழகியவர்களுக்கு.

2. அவர்களுக்கும் கனமான சுற்றுகளில் மட்டும். ஒரே தடவையாக உங்களால் தூக்க முடிகிற உச்சம் 50 கிலோ என்றால், 40 கிலோ வரை பெல்ட் இல்லாமலே பழகலாம்.

3. விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் கட்ட வேண்டும். மூச்சை முழுசாக இழுக்க முடிகிற அளவுக்கே இறுக்கம். சுற்று முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும்.

4. முதுகு வலியை மறைப்பதற்காகக் கட்டவே கூடாது. வலி இருந்தால் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

நாள் முழுக்கக் கட்டினால் முதுகுக்குப் பாதுகாப்பு என்பதும் நிரூபணமாகவில்லை. அமெரிக்காவில் கடைகளில் சாமான் தூக்கி இறக்கும் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகு வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இனி கைக்கு வருவோம். கைக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று மணிக்கட்டைச் சுற்றி இறுக்கும் பட்டை. தலைக்கு மேலோ மார்புக்கு மேலோ கனத்தைத் தள்ளும்போது மணிக்கட்டு பின்னால் மடியாமல் இது காக்கும். இன்னொன்று கையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் வார். டெட்லிஃப்ட் கடைசிச் சுற்றில் முதுகும் காலும் தாங்கினாலும் விரல் நழுவும்; அப்போது மட்டும் இது உதவும். கம்பியைத் தோளுக்கு வீசி எடுக்கிற பயிற்சியில் இந்த வார் ஆபத்து. தவறினால் கையை விடுவிக்க முடியாது.

பளு தூக்கும் போட்டி விதியைப் பாருங்கள். பெல்ட்டுக்கு அனுமதி உண்டு. அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. கம்பியோடு கட்டும் வாருக்கு அனுமதியே இல்லை. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இரண்டு முறையிலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரியும், 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற நம் வேலூர் சதீஷ் சிவலிங்கமும் தங்கள் சொந்தப் பிடியில்தான் தூக்கினார்கள்.

நமக்கும் பிடிதான் சொத்து. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைக் கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், கைப்பிடி பலம் குறைந்தவர்களிடையே சாவும் இதய நோயும் அதிகமாகக் காணப்பட்டன. எப்போதும் வாரை நம்பினால் விரல்களுக்கு வேலை கிடைப்பதில்லை.

கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் சுரீரென்று வலிக்கிறதா? குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துக் கொடுத்து ஓயாமல் தூக்குவதால் வருவதுண்டு. ஜிம் பட்டையைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் தீராது. ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியில் கொடுத்து ஏந்தித் தூக்குங்கள். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுப் பாரத்துக்கும் ஓர் அளவு உண்டு. எல்லாம் சௌகரியமாக அமைந்தால்கூட 23 கிலோதான் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் போட்ட கணக்கு. அரிசிச் சிப்பம் 25 கிலோ. நிரம்பிய காஸ் சிலிண்டர் 30 கிலோவை நெருங்கும். இரண்டு பேராகப் பிடியுங்கள், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. தனியாகத்தான் தூக்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு சேர்த்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள்.

காசு கொடுத்து வாங்கும் பெல்ட்டுக்கு முன்னால் காசில்லாத பெல்ட்டை இறுக்குவோம். சிறுநீரை அடக்குகிறாற்போல் அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விடுங்கள். மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. அடுப்பில் சாதம் கொதிக்கும்போதே செய்யலாம், பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது!