எர்த் சரியில்லை!

என் காருக்கு வயது 28. பெயரைச் சொல்ல மாட்டேன். பெற்றவர்கள் மனசு சங்கடப்படும். ஏ.ஸி. கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. 'பிரேக் மட்டும் பிரமாதம்' என்று ஆபீஸில் பீற்றிக் கொண்டிருந்தேன் - அந்த வெள்ளிக்கிழமை வரை.

இருட்டுகிற நேரம். குறுக்கே ஒரு மாடு. மிதித்தேன், நின்றது. பின்னால் 'டமால்'!

"ஏம்ப்பா, கண்ணை எங்கே..." என்று ஆரம்பித்தபடி இறங்கினேன். பாதியில் வாய் மூடிக்கொண்டது. பைக் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தான் ஒரு பையன். ஹெல்மெட் புண்ணியத்தில் தலை தப்பியிருந்தது. முழங்கையில் ரத்தம்.

"அண்ணா, நீங்க பிரேக் போட்டதே தெரியலண்ணா..."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். 'அண்ணா' என்று சொல்லித் தொலைத்துவிட்டான். டாக்டரிடம் அழைத்துப் போய்க் கட்டுப் போட்டு அனுப்பினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மனைவியைக் காருக்குப் பின்னால் நிறுத்தினேன். பார்க் லைட்டைப் போட்டேன்.

"எரியுதா?"

"எரியுது."

"மிதிக்கிறேன். இப்போ?"

"அதே மாதிரிதான்."

"விட்டுட்டேன்."

"அப்பவும் அதேதான். இதுக்கா சீரியல் நடுவுல கூப்பிட்டீங்க?"

பின்பக்க பல்பில் இரண்டு இழை. 5 வாட் இழை ராத்திரி அடையாளத்துக்கு. 21 வாட் இழை பிரேக்குக்கு. மிதித்தால் பளிச்சென்று ஆக வேண்டும். ஆகவில்லை. பல்பு மாற்றினேன். ஃப்யூஸ் மாற்றினேன். பெடல் சுவிட்சும் மாற்றினேன். பர்ஸ்தான் மெலிந்ததே தவிர, வெளிச்சம் கூடவில்லை.

கடைசியில் தெருமுனை எலெக்ட்ரீஷியன் பாயிடம் சரணாகதி. லைட்டை அணைத்துவிட்டு பிரேக்கை மட்டும் மிதிக்கச் சொன்னார். டாஷ்போர்டு விளக்கு லேசாக முழித்துப் பார்த்தது! பாய் சிரித்தார்.

"மேல டேங்க் ஃபுல்லா இருக்கு சார். கீழ சாக்கடை அடைச்சிருக்கு. தண்ணி பக்கத்து பாத்ரூம்ல எட்டிப் பாக்குது."

விளங்கிவிட்டது. கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். அது அடைத்தால் கரண்ட் அடுத்த விளக்குகள் வழியாகச் சந்து பொந்தில் புகுந்து ஓடும். பாய் பேட்டரி மைனஸிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து பல்பு ஹோல்டரில் தொட்டார். பளிச்! டிக்கிக்குள் ஒரு ஸ்க்ரூ. அதன் அடியில் 28 வருடத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, கொஞ்சம் வாஸலின். அவ்வளவுதான் வைத்தியம்.

பழைய கார் வைத்திருக்கும் சகோதரர்களே, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? பல்பு, ஹோல்டர். இரண்டுமே எரியவில்லையா? ஃப்யூஸ், அப்புறம் பெடல் சுவிட்ச். சுவிட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் விளக்கு வருகிறதென்றால் சுவிட்ச் அவுட். மங்கலா, சம்பந்தமில்லாத விளக்கு எரிகிறதா? எர்த். காலை எடுத்தும் அணையவில்லையா? சுவிட்ச் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு 21 வாட் பல்பு 3.5 ஆம்பியர் குடிக்கும். விடிந்ததும் தள்ள ஆள் தேட வேண்டும். ஃப்யூஸ் போனால் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுற்றும் மகான்களுக்கு: போவது ஃப்யூஸாக இருக்காது, காராக இருக்கும்.

இப்போது தினமும் கேட்டைத் தாண்டும்முன் ஒரு மிதி. வாட்ச்மேன் பின்னால் நின்று இரண்டு விரல் காட்டுவார். இரண்டு விளக்கும் ஓகே என்று அர்த்தம். எதிர்வீட்டுக்காரர் அதை ஏதோ கட்சிச் சின்னம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்.

நேற்று ஒரே ஒரு விரல் காட்டினார். காரை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸில் போனேன். முக்கால் மணி லேட்.

"என்ன சார் காரணம்?" என்றார் மேனேஜர்.

"ஒரு தம்பிக்காக சார்" என்றேன்.